நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு போன்

போன மாதம் ஒரு சாயங்காலம் பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் கூப்பிட்டார். வேலைக்குச் சேர்ந்து முழுதாக ஒரு வருஷம் ஆகவில்லை. எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல். "அக்கா, பசங்களை வச்சு டிஜிட்டல் கதை ஒண்ணு பண்ணலாம்னு இருக்கேன். வீடியோ எடுக்கலாமா, ஸ்கிராட்ச்ல பண்ணலாமா, இல்ல போட்டோ போட்டுக் குரல் குடுக்கலாமா? எது ஈஸி?" என்று கேட்டார். டிஜிட்டல் கதை என்றால் பிள்ளைகள் ஒரு சின்னக் கதையைக் குரல், படம், வீடியோ என்று எதிலாவது பதிந்து சொல்வது; ஸ்கிராட்ச் பிள்ளைகளுக்கான நிரலாக்க மென்பொருள். எது ஈஸி என்றால் எதுவும் இல்லை. ஆனால் நாலைந்து வருஷத்தில் இவை எல்லாவற்றையும் ஒரு தடவையாவது தொட்டுப் பார்த்து, பாதியை நடுவிலேயே கைவிட்டவள் நான். எதில் என்ன தேறும், எதில் பாடவேளை வீணாகும் என்று சொல்ல முடியும். அன்றைக்குப் போனில் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் எங்கள் நிலவரம். குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி. வகுப்பில் 40 பிள்ளைகள், பாடவேளை 40 நிமிடம். லேபில் உருப்படியாக ஓடுகிற கம்ப்யூட்டர் ஆறு. போன் என்றால் என் போன்தான். பிள்ளைகள் வீட்டிலும் போன் உண்டு. அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போனால் ராத்திரிதான் திரும்பும். இந்த நிலையில் எந்த வழியைப் பற்றி யார் சொன்னாலும் நான் கேட்பது ஒன்றே: கருவி ஒரு பிள்ளை கையில் இருக்கும்போது மிச்சம் 39 பேர் என்ன செய்துகொண்டிருப்பார்கள்? ஆளுக்கொரு டேப்லெட் உள்ள பள்ளிக்காரர்களுக்கு இந்தக் கட்டுரை அதிகம் பயன்படாது.

வீடியோவை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான். 1806 வேலூர்ப் புரட்சியை நாடகமாக எடுத்தோம். காதில் கடுக்கன் கூடாது, நெற்றியில் குறி கூடாது, புதுவிதத் தலைப்பாகை போடு என்று உத்தரவு. ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுகிறார்கள், திப்புவின் கொடி ஏறுகிறது, சேதி தெரிந்து ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் படை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வருகிறார். கேட்கும்போதே கண்முன் படம் ஓடும். எடுத்தபோது என்ன ஆயிற்று? கில்லெஸ்பி ஒருவன், பேசுகிற சிப்பாய்கள் நாலு பேர், கொடி பிடிக்க ஒருத்தி, மிச்சம் 34 பேர் 'கூட்டம்'. கூட்டத்துக்கு வேலை இல்லை, அதனால் சத்தம் போட்டது. நாலு பாடவேளையில் மூன்று, யார் எங்கே நிற்பது என்பதிலேயே போனது. ஒரு நிமிட வீடியோ 100 எம்பியைத் தாண்டிவிடும். கொடி ஏறுகிற காட்சியில் என் போன் இடமில்லை என்று நின்றுவிட்டது. இதெல்லாம் சமாளிக்கக்கூடிய சங்கடங்கள். என்னை உறுத்தியது வேறு. அந்த வீடியோவில் ஒரு வரிகூடப் பிள்ளைகள் எழுதியதில்லை. வசனம் முழுக்க நான் எழுதியது. அவர்கள் மனப்பாடம் செய்து, சினிமா ஹீரோ மாதிரி முறைத்து, ஒப்பித்தார்கள். கதை சொன்னது நான், டிஜிட்டலானது அவர்கள்.

வீடியோ எதற்கும் ஆகாது என்று சொல்லவில்லை. கை வேலையைக் காட்ட அதற்கு ஈடில்லை. இங்கே லுங்கி நெசவு இருக்கிறது. தறியில் கையும் காலும் எந்தத் தாளத்தில் ஓடுகின்றன என்பதை ஆயிரம் சொல்லில் எழுதினாலும் புரியாது, அரை நிமிட வீடியோவில் புரிந்துவிடும். அதற்கு மட்டும் எடுங்கள். நாடகத்துக்கு வேண்டாம்.

இந்த வடிவமே வீடியோவிலிருந்து வந்ததல்ல என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 1990-களில் கலிஃபோர்னியாவில் ஜோ லாம்பர்ட், டேனா ஆட்ச்லி ஆகியோர் நடத்திய பட்டறைகளில் உருவானது இது. ஒருவர் தன் வாழ்க்கையிலிருந்து ஒரு கதையை இரண்டு மூன்று நிமிடத்தில், தன் சொந்தக் குரலில், கையில் இருக்கும் சில நிழற்படங்களோடு சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 2001-இல் பிபிசி வேல்ஸ் நாட்டில் ஊர் ஊராகப் போய்ச் சாதாரண மக்களை வைத்து இதையே செய்தது. அவர்கள் எடுத்த எடுப்பில் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காரவில்லை. முதலில் வட்டமாக உட்கார்ந்து, ஆளாளுக்குத் தன் கதையை வாயால் சொன்னார்கள். மற்றவர்கள் கேட்டார்கள், குறுக்குக் கேள்வி போட்டார்கள். எழுதுவதும் பதிவதும் அதற்கு அப்புறம்தான்.

அந்த வட்டத்துக்குப் போனும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். 40 பேருக்கும் ஒரே நேரத்தில் வேலை இருக்கும். ஐந்து பேர் வீதம் எட்டு வட்டம். நீங்கள் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த ஒரு பாடவேளையை மட்டும் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். நான் இதை விட்ட வருஷமெல்லாம் சொதப்பல்தான்.

சரி, வட்டம் முடிந்தது. அப்புறம் எது? நான் குரலைத்தான் சொல்வேன். படமே இல்லாமல் வெறும் ஒலி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் பிள்ளைகள் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு நூறு சொல் வரும். இரண்டு நிமிடக் கதைக்கு 200 சொல் போதும். நோட்டில் ஒன்றரைப் பக்கம். ஒரு குழுவுக்கு மூன்று தடவை பதிவு, நடுவில் சண்டை, சிரிப்பு எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். ஆக ஒரு பாடவேளைக்கு நாலு குழு, இரண்டு பாடவேளையில் எட்டுக் குழுவும் முடிந்துவிடும். ஒரு குழு உள்ளே பதிந்துகொண்டிருக்கும்போது மற்ற ஏழும் வெளியே தங்கள் வரிகளை உரக்கப் படித்து, நாக்குத் தட்டுகிற இடத்தைத் திருத்திக்கொண்டிருக்கும். யாரும் சும்மா இல்லை. ஒரு நிமிட ஒலி ஏறக்குறைய ஒரு எம்பிதான், எட்டுக் கதையும் சேர்ந்தால்கூடப் போன் முனகாது.

பதிவு செய்ய ஸ்டூடியோ எதுவும் வேண்டாம். புத்தகக் கட்டு அடுக்கிய ஸ்டோர் ரூம் போதும். காகிதம் எதிரொலியை விழுங்கிவிடும். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், இல்லையென்றால் நடுக்கதையில் லோன் வேண்டுமா என்று யாராவது கூப்பிடுவார்கள். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். நேரே பிடித்தால் 'ப' வரும்போதெல்லாம் டப் டப்பென்று அடிக்கும். அப்புறம் ஃபேன். அதை நிறுத்தத்தான் வேண்டும். நம் வேலூருக்கு வெயிலூர் என்று சும்மாவா பேர் வந்தது? ஏப்ரலில் இந்த வேலையை வைத்துக்கொண்டு ஸ்டோர் ரூமில் ஐந்து பிள்ளைகளோடு வெந்து போயிருக்கிறேன். கார்த்திகை, மார்கழியில் வையுங்கள்.

ஒலியில் நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்று கிடைத்தது. எங்கள் வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் உண்டு, உருது பேசும் பிள்ளைகள் உண்டு. ஆந்திர எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது; ஆம்பூர், பேரணாம்பட்டு எல்லாம் உருது புழங்கும் ஊர்கள். எழுத்தில் இவர்கள் தமிழ் தடுமாறும், மார்க் குறையும், அத்தோடு ஆள் அடங்கிவிடுவார்கள். குரல் கதையில் ஒரு பையன் தன் அவ்வா, அதாவது பாட்டி, பேசுகிற வரியைத் தெலுங்கிலேயே சொல்லிவிட்டு, அடுத்த வரியில் அதையே தமிழில் சொன்னான். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்று என்னோடு வேலை பார்க்கிற தமிழாசிரியருக்கும் எனக்கும் ஒரு பஞ்சாயத்து உண்டு. கதை சொல்பவர் எழுத்துத் தமிழில் சொல்லட்டும், கதைக்குள் இருப்பவர்கள் வீட்டில் பேசுகிறபடியே பேசட்டும் என்று ஒரு வழியாக ராசியானோம். "இஸ்துகினு போனாங்க" என்று ஆயா சொன்னால் அதை "இழுத்துக்கொண்டு சென்றனர்" என்று மாற்றக் கூடாது. மாற்றினால் அது ஆயா இல்லை.

கூத்து பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த இரட்டைத் தமிழ் ஒன்றும் புதிதல்ல. நம் வடாற்காட்டுக் கிராமங்களில் பாரதம் வைத்தால் இரவெல்லாம் கூத்து. ராஜா வேஷக்காரர் ஒரு தமிழ் பேசுவார், கட்டியங்காரன் ஊர்த் தமிழில் குறுக்கே விழுந்து கேலி பேசிக் கதையைப் புரியவைப்பான். என் வகுப்பில் 'நரேட்டர்' என்று சொன்னால் யாருக்கும் பிடிபடவில்லை. "உங்க குழுவுக்குக் கட்டியங்காரன் யாரு?" என்று கேட்டதும் சண்டையே வந்துவிட்டது, நான்தான் நான்தான் என்று.

கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளுக்கும் ஒலிதான் சௌகரியம். வருஷம் பூராவும் வகுப்பில் வாய் திறக்காத ஒரு பெண், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு முழுக் கதையையும் ஒரே மூச்சில் சொன்னாள். கேமரா இருந்திருந்தால் நடந்திருக்காது.

குறையும் உண்டு. படம் இல்லாமல் மூன்று நிமிடத்துக்கு மேல் எட்டாம் வகுப்பு அசையாமல் கேட்காது. காது மந்தமான பிள்ளை ஒருவர் இருந்தாலும் கதையை அச்செடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். முதல் வருஷம் எனக்கு இது தோன்றவில்லை, ஒரு பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தது. பெற்றோரைக் கூப்பிட்டுக் காட்டும்போது, "டிவியில ஒண்ணும் வரலியே" என்பார்கள்.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இரண்டாவது வழி: அதே குரலுக்கு எட்டோ பத்தோ படம் சேர்ப்பது. லாம்பர்ட் ஆட்கள் செய்தது இதைத்தான். லேபில் ஆறு கம்ப்யூட்டர் ஓடினால் ஓப்பன்ஷாட், ஷாட்கட் மாதிரி இலவச மென்பொருளில் செய்யலாம், போனிலும் செய்யலாம். இதில் பெரிய ஆபத்து இணையப் படம். பாலாறு என்று தேடினால் எந்த ஊர் ஆறோ தண்ணீர் புரள வந்து நிற்கும், பிள்ளைகள் யோசிக்காமல் ஒட்டிவிடுவார்கள். பிறகு கதையும் அந்தப் படத்துக்கு ஏற்றபடி மாறும். நான் போட்ட விதி: படம் நீங்கள் வரைந்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உங்கள் வீட்டில் இருக்கும் பழைய போட்டோவாக இருக்க வேண்டும். வரைபவர்களுக்கும் வேலை கிடைத்தது. வரைந்ததை வராந்தா நிழலில் தரையில் வைத்து மேலிருந்து எடுத்தால் போதும், ஸ்கேனர் வேண்டாம்.

இசைக்கும் அப்படித்தான். சினிமா பாட்டின் பின்னணி இசையைக் கேட்டு நச்சரிப்பார்கள். எங்கேயாவது ஏற்றினால் காப்புரிமை என்று ஒலியை முடக்கிவிடுவான் என்பது ஒரு காரணம். அதைவிட, அந்த இசை வந்ததும் கேட்பவர் மனசு அந்தப் படத்துக்குப் போய்விடும். எங்களிடம் பம்பை அடிப்பவர் மகன் ஒருவன் இருந்தான். வீட்டில் அப்பா அடிப்பதை இருபது விநாடி பதிந்துகொண்டு வந்தான். அந்த வருஷம் எட்டுக் கதைக்கும் அதுதான் இசை.

ஆனால் இந்த வழிக்கு ஒலியைப்போல இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும், எடிட்டிங் தெரிந்த இரண்டு பிள்ளைகள் மவுஸை விடவே மாட்டார்கள். அதனால் ஒரு பருவத்தில் ஒலி, கை பழகிய பிறகு அடுத்த பருவத்தில் அதே கதைகளுக்குப் படம் என்று பிரித்துக்கொண்டால் ஒன்றும் கெட்டுப்போகாது.

ஆறாம் வகுப்புக்குக் கீழே என்றால் என் பதில் மாறும். அங்கே மின்புத்தகம் நல்லது. பிள்ளைகளுக்கான புத்தகம் போடும் பிரதம் புக்ஸ் 2015-இல் ஆரம்பித்த ஸ்டோரிவீவர் தளத்தில் ஓவியங்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. ஓவியரின் பெயரைப் போட்டுவிட்டு எடுத்துப் புதுக் கதை எழுதலாம், வேறு மொழிக் கதையைத் தமிழுக்குக் கொண்டுவரலாம். வாசிப்பு நிலை நாலு என்று பிரித்திருப்பதால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை முதல் வகுப்புத் தம்பிக்கு எழுதுகிறோம் என்ற நினைப்போடு சின்னச் சின்ன வாக்கியமாக எழுதிப் பழகும். இடிக்கும் இடம் தமிழ் டைப்பிங். ஒரு பக்கம் தட்ட ஒரு பாடவேளை ஆகும். கையால் எழுதி, அதைப் போனில் குரல்வழித் தட்டச்சில் வாசித்து, பிழையைப் பிள்ளைகளையே திருத்த வைத்தேன். அது செய்கிற கூத்தான பிழைகளைத் திருத்துவதே நல்ல இலக்கணப் பாடமாகிவிட்டது. இன்னொரு குறை, கதை படத்தின் பின்னால் ஓடும். இருக்கிற ஓவியத்தில் யானை இருந்தால் கதையில் யானை வரும். நம் ஊரில் மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற முறம் அங்கே இருக்காது, அதை நாம்தான் வரைந்து ஏற்ற வேண்டும்.

ஸ்கிராட்ச் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் உருவாக்கியது, இலவசம், நெட் இல்லாமலும் ஓடும், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதில் கற்பது நிரலாக்கம். பூனையை இடமிருந்து வலமாக நடக்கவைப்பதில் மூன்று வாரம் போய், பூனை எதற்காக நடக்கிறது என்று கேட்டால் பதில் இருக்காது. ஆர்வமுள்ள ஆறு பேருக்கு மத்தியான இடைவேளையில் வையுங்கள். பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் படமாக எடுக்கிற ஸ்டாப் மோஷன் அதைவிட மோசம்: விநாடிக்கு 12 படம் என்றால் ஒரு நிமிடத்துக்கு 720 படம், நடுவில் ஒரு பையன் மேஜையை இடித்தால் போச்சு.

வரைபடத்தில் கதை சொல்வது பற்றி ஒரு வார்த்தை. ஒன்பதாம் வகுப்புக்கு ஒருமுறை செய்தேன், ஒரே புரொஜக்டரில். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் குடிநீர் போனதே, அந்த ரயிலின் பாதையைத்தான் ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கதையாக்கினோம். நம் பக்கத்தில் ஏற்றிய தண்ணீர் நம் வீட்டு வாசல் வழியாகவே போனதைப் பிள்ளைகள் பாதையில் பார்த்ததும் வந்த கேள்விகள் பாடப்புத்தகத்தில் இல்லாதவை. நெட் நன்றாக இருந்தால் செய்து பாருங்கள். எங்களுக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான்.

கருவியைவிட எதைப் பற்றி என்பதுதான் அதிகம் தீர்மானிக்கிறது. வேலூர் என்றதும் கை தானாகக் கோட்டைக்குப் போகும். எட்டுக் குழுவுக்கும் கோட்டை கொடுத்தால் எட்டும் ஒரே கட்டுரை, எல்லாம் இணையத்திலிருந்து. தண்ணியில்லா ஆறு, ராஜா இல்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று பழைய சொலவடையையும் சேர்த்துக்கொள்வார்கள், ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-லேயே சாமி வந்துவிட்டதைச் சரிபார்க்க மாட்டார்கள். அதனால் முதல் வருஷம் கோட்டை வேண்டாம். வீட்டில் இருக்கும் ஒரு பொருளையோ, வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்ட ஒரு சத்தத்தையோ கேட்டு வரச் சொல்லுங்கள். எங்களுக்கு வந்தவை: ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டும்போது முதல் தண்ணீர் கசிகிற நேரம், செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேசும் விலை, 2021 நவம்பரில் ஆறு ஊருக்குள் வந்த ராத்திரி, பீடி இலையை வெட்டும் கத்தரியின் சத்தம். இவை எந்தத் தளத்திலும் இல்லை, காப்பியடிக்க முடியாது.

அந்தக் கத்தரிக் கதையில்தான் நான் ஒரு தப்பும் செய்தேன். ஆயா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவதைப் பற்றி ஒரு பெண் சொன்னாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, ராத்திரி தானும் உட்கார்ந்து இலை வெட்டுவது எல்லாம் வந்தது. நன்றாக இருக்கிறதே என்று நான் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அங்கிருந்து அது எங்கெங்கோ போனது. மறுநாள் அவள் அம்மா வந்து, "எங்க வூட்டு கஷ்டத்த ஊர் பூரா கேக்கணுமா டீச்சர்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் நான் கேட்டிருக்க வேண்டும். வீடியோவா ஒலியா என்று ஒப்பிடும்போது இதையும் தராசில் வையுங்கள். ஒலியில் முகம் இல்லை, பெயரை மாற்றலாம், வெட்ட வேண்டிய வரியை ஒரு நிமிடத்தில் வெட்டலாம். வீடியோவில் வீட்டுச் சுவர் முதற்கொண்டு எல்லாம் தெரியும்.

இப்போது எங்கள் கதைகள் ஒரு பென் டிரைவில் இருக்கின்றன, தலைமையாசிரியர் மேஜை டிராயரில். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்று ஸ்பீக்கரில் போடுகிறோம், அதோடு சரி. அந்த டீச்சருக்கும் இதையே சொன்னேன்: வட்டம் ஒரு பாடவேளை, எழுத இரண்டு, பதிய இரண்டு, வெட்டி ஒட்ட ஒன்று, கேட்க ஒன்று. ஏழு பாடவேளை. படமெல்லாம் பொங்கலுக்கு அப்புறம்.

"கேக்க வர்றவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா அக்கா, படமே இல்லாம?" என்று கேட்டார். சொல்வார்கள். போன வருஷம் ஊற்றுக் கதைக்குத் தகவல் கொடுத்த ஆயா கூட்டத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேரன் குரலில் கதை ஓடி முடிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். ஆயா தட்டவில்லை. "ஊத்துல என் கொலுசு வுழுந்து தேடுனத ஒரு மணி நேரம் உக்காந்து சொன்னேன், அத எங்கடா காணோம்?" என்று அவனைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நிமிடத்துக்குள் வர வேண்டும் என்று வெட்டச் சொன்னது நான்தான். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அடுத்த வாரம் கொலுசை உள்ளே வைத்து மறுபடி பதிந்தோம், மூன்று நிமிடம் பத்து விநாடி.